மூன்று ஜாங்னுங்

அக்டோபர் 21, திங்கள்: கிம்போ

முதல் நாளே தப்பான ராஜாவின் வாசலில் போய் நின்றேன். அதுவும் பூட்டிய வாசல்.

கம்பெனி வேலையாகக் கொரியா வந்து பத்து நாளாகிறது. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாக ஆலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறவன் நான். வேலை சனிக்கிழமையோடு முடிந்தது. சேர்ந்து கிடந்த லீவில் ஐந்து நாளை இங்கேயே கழித்துவிட்டுப் போகலாம் என்று தங்கிவிட்டேன். கடைசி நாள் விருந்தில் இங்கத்திய மூத்த அதிகாரி ஒருவர் இறைச்சியைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே ஒரு கதை சொன்னார். பன்னிரண்டு வயதில் ராஜா. பதினேழில் பிணம். நடுவில் ஒரு சித்தப்பா. "அரண்மனையை எல்லாரும் பார்க்கிறார்கள். நீங்கள் ஜாங்னுங் போங்கள்" என்றார். டான்ஜோங் என்ற அந்தப் பையனின் கல்லறைக்கு ஜாங்னுங் என்று பெயர். போனில் குறித்துக்கொண்டேன்.

இன்று காலை வரைபடத்தில் தட்டினால் சியோலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஜாங்னுங் காட்டியது. இவ்வளவு பக்கமா என்று சந்தோஷமாகக் கிளம்பினேன். இரண்டே பெட்டி உள்ள மெட்ரோவில் நின்றுகொண்டே போய், இறங்கி நடந்து, வாசலுக்கு வந்தால் பூட்டு. கொரியாவில் அரச கல்லறைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இதைக் கூடப் பார்க்காமல் வந்த என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அங்கே காலை நடை வந்த ஒரு பெரியவர், மலையேறுபவர் போல் முழு உடுப்பும் இரண்டு ஊன்றுகோலுமாக, என்னைப் பார்த்து நின்றார். மொழிபெயர்ப்பு ஆப்பை நீட்டினேன். "டான்ஜோங்?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கையைக் கிழக்குப் பக்கம் வீசி, "யோங்வோல்! யோங்வோல்!" என்றார். பிறகு என் உள்ளங்கையைப் பிடித்துத் தன் விரலால் சீன எழுத்து மூன்று எழுதிக் காட்டினார். ஜாங்னுங் என்று மூன்று இருக்கிறதாம். கிம்போவில் ஒன்று, பாஜுவில் ஒன்று, மலைநாட்டில் யோங்வோலில் ஒன்று. சீன எழுத்தில் மூன்றும் வேறு வேறு. காதுக்கும் கொரிய எழுத்துக்கும் ஒன்றே. நம்மூரில் புதூர் என்று கேட்டு டிக்கெட் வாங்கி, வேறு புதூரில் போய் இறங்குகிறவன் கதைதான்.

கிம்போவில் இருப்பது பதினாறாவது ராஜா இன்ஜோவின் அப்பாவும் அம்மாவும். அந்த அப்பா ஆண்டதே இல்லை. மகன் சிம்மாசனம் ஏறியபின் அப்பாவுக்கு ராஜா பட்டம் கொடுத்துக் கல்லறையையும் உயர்த்திவிட்டான். போகட்டும்.

திரும்பும்போது பெரியவர் தூரத்தில் நிற்கும் உயரமான அடுக்குமாடிகளைக் காட்டித் தலையை ஆட்டினார். 2021ல் அந்தக் கட்டடங்களால் பெரிய வழக்கும் சண்டையும் நடந்தது. கல்லறையில் நின்றால் எதிரே ஒரு மலை தெரிய வேண்டும். அந்தப் பார்வையும் கல்லறையின் பங்குதான் என்பது இவர்கள் கணக்கு. இப்போது அந்த இடத்தில் மலைக்குப் பதில் பால்கனிகள். விடைபெறும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தார். தோல் இன்னும் பாதி பச்சை. நல்ல புளிப்பு.

மதியம் கத்தியால் அரிந்த கோதுமை நூடுல்ஸ், கிளிஞ்சல் சாறில். 9,000 வொன், அதாவது ஐந்நூற்றைம்பது ரூபாய். கிம்ச்சி மட்டும் மூன்று தடவை வாங்கினேன், அதற்குக் காசு இல்லை. பரிமாறும் அம்மாவை இங்கே "ஈமோ" என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவின் சகோதரி என்று அர்த்தம். நம் மெஸ்ஸில் "அக்கா, கொஞ்சம் ரசம்" என்பது மாதிரி. நான் கூப்பிட்டதும் மொத்தக் கடையும் திரும்பிப் பார்த்தது. உச்சரிப்பு சரியில்லை போல.

அக்டோபர் 22, செவ்வாய்: பாலமும் ஊற்றும்

காலையிலிருந்து மழை. யோங்வோலுக்கு வியாழக்கிழமைதான் ரயில் போட்டிருக்கிறேன். அதுவரை சியோலிலேயே அந்தப் பையனின் தடத்தைப் பிடிக்கலாம் என்று தோன்றியது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து கொடுத்த சேஜோங் மகாராஜாவின் பேரன் டான்ஜோங். 1441ல் பிறந்தான், மறுநாளே அம்மா இறந்துபோனாள். 1452ல் அப்பாவும் போனார். கொரியக் கணக்கில் பன்னிரண்டு வயது. மறுவருஷம் சித்தப்பா சூயாங் மூத்த மந்திரிகளைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்தார். 1455ல் பையனை இறக்கிவிட்டுத் தானே ராஜா ஆனார்; சரித்திரத்தில் அவர் பெயர் சேஜோ. 1456ல் பையனைத் திரும்ப ஏற்றப் பார்த்த பலர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். 1457ல் பட்டம் எல்லாம் பிடுங்கி, யோங்வோல் மலைக்கு நாடு கடத்தினார்கள். மனைவி ஜோங்சூனுக்குப் பதினெட்டு வயது. அவளை உடன் போக விடவில்லை.

இரண்டு பேரும் பிரிந்த இடம் என்று சொல்வது சோங்கேச்சோன் ஓடைமேல் இருக்கும் யோங்தோ பாலம். போய்ப் பார்த்தேன். இப்போதிருப்பது புதிய பாலம்; லாரியும் ஸ்கூட்டரும் போகிறது. "என்றைக்குமாகக் கடந்த பாலம்" என்று ஊர் அதற்கு அர்த்தம் சொல்கிறது. பலகையைப் படிக்க நின்றால் பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் தோங்மியோ பழைய பொருள் சந்தை. நனையாமலிருக்க நீல பிளாஸ்டிக்கை விரித்து, அதன் கீழே பழைய கோட்டு, கைக்கடிகாரம், மிலிட்டரி பூட்ஸ், யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பம். பேரம் பேசும் தாத்தாக்கள் குரலை மட்டும் கேட்டால் மூர்மார்க்கெட் ஆட்கள் என்றே நினைக்கலாம்.

ஒரு டீக்கடையில் குடையை வாசல் வாளியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். வெளியே வந்தால் குடை இல்லை. காலையில்தான் 6,000 வொன் கொடுத்து வாங்கியது. இந்த ஊரில் மேஜைமேல் போனை விட்டுப் போனால் யாரும் தொட மாட்டார்கள். குடைக்கு அந்த தர்மம் பொருந்தாதாம். என் முகத்தைப் பார்த்த கடைக்காரப் பெண் உள்ளேயிருந்து மூன்று பழைய குடைகளைக் கொண்டுவந்து நீட்டினாள், "எது வேண்டுமோ எடுங்கள்" என்று. அவற்றை யார் மறந்துவிட்டுப் போனார்களோ. பூப்போட்டது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

அந்த மேடு சாங்சின் பக்கம். மூச்சு வாங்கும் செங்குத்து. நாடு கடத்தப்பட்டவனின் மனைவி அரண்மனையிலிருந்து வெளியேறி இங்கேதான் இருந்தாள். துணிக்கு ஊதாச் சாயம் போட்டு விற்றுப் பிழைத்தாள் என்று சொல்கிறார்கள். சாயம் நனைத்த ஊற்று ஒரு பாறைக்கடியில் இன்றும் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன், இருட்டு, கொஞ்சம் இலைச்சருகு. அரசாங்கத்துக்குப் பயந்து யாரும் அவளுக்கு உதவ முடியாத காலத்தில், பக்கத்தில் பெண்கள் மட்டும் கூடும் காய்கறிச் சந்தை ஒன்றை நடத்தி, அந்தக் கும்பலில் கீரையும் காயும் அவளுக்குக் கைமாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன். பெண்கள் கூடும் இடத்தில் போலீஸ்காரன் எதைக் கண்டுபிடிப்பான்?

நான் பிறந்தது திருப்பூர். அதனால் ஒரு விஷயம் என் காதுக்கு முதலில் பட்டது. அந்தச் சந்துகள் முழுக்கத் தையல் மெஷின் சத்தம். நீராவி இஸ்திரியின் சீறல். துணி மூட்டையைப் பின்னால் கட்டிய பைக்குகள் அந்தச் செங்குத்தில் மழையிலும் ஏறி இறங்குகின்றன. சாங்சின் இன்றும் தையல் பட்டறைகளின் பேட்டை. சாயம் போட்ட ராணிக்கும் இதற்கும் நேர் தொடர்பு எதுவும் இருக்காது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஊற்றைப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

ராத்திரி கல்லூரி நண்பர்கள் குழுவில் ஒருவன் கேட்டான்: "தமிழ் இளவரசி கல்லறைக்குப் போனியா?" கிம்ஹேயில் இருக்கும் ஹோ ஹ்வாங்ஓக் ராணியைச் சொல்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல் அவள் அயுத்தா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்தாள் என்று மட்டும் சொல்கிறது. அந்த அயுத்தா எங்கள் ஊர்தான் என்று உரிமை கொண்டாட ஏற்கெனவே நிறைய பேர் வரிசையில் நிற்கிறார்கள். நான் அந்த வரிசையில் நிற்பதாக இல்லை. ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டுவிட்டுப் படுத்தேன்.

அக்டோபர் 23, புதன்: சாருங்

மழை நின்று வானம் கழுவிவிட்ட மாதிரி. ஆனால் குளிர். ஸ்வெட்டருக்குமேல் மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டேன்.

ஜோங்சூன் ராணியின் கல்லறை நாம்யாங்ஜு ஊரில். பெயர் சாருங். "சா" என்றால் நினைத்தல், ஏங்குதல். ரயில் நிலையத்துக்கும் சாருங் என்றே பெயர், இறங்கி அரை மணிக்குக் கொஞ்சம் குறைவான நடை. வழியெல்லாம் பிளாஸ்டிக் பந்தல் போட்ட கீரைத்தோட்டங்கள். நுழைவுக் கட்டணம் 1,000 வொன். அறுபது ரூபாய்க்கு நம்மூரில் செருப்புக் காசும் பார்க்கிங்கும் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

உள்ளே என்னையும் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தையும் தவிர யாரும் இல்லை. மஞ்சள் சட்டைக் குழந்தைகள் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக வந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒன்று மாற்றி ஒன்று "அன்யோங்ஹாசேயோ" என்று குனிந்து வணங்கியது. இருபது பேருக்கும் பதிலுக்குக் குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜோசன் என்பது டான்ஜோங்கின் வம்சம். அந்த அரச கல்லறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கணம். முதலில் சிவப்பு மர வாசல். கதவு கிடையாது, மேலே ஈட்டிகள் மாதிரி குச்சிகள். அங்கிருந்து கல் பாவிய பாதை. அதில் இடது பக்கம் கொஞ்சம் உயரம், வலது பக்கம் தாழ்வு. நான் அகலமும் உயரமுமாக இருந்த பாதையில் ஜம்மென்று நடந்தேன். பாதி போனபோது காவல்கார அம்மா ஒருவர் வேகமாக வந்தார். கத்தவில்லை. என் முழங்கையை லேசாகத் தொட்டு, உயரப் பாதையைக் காட்டி, இரண்டு கையையும் மேலே அசைத்தார், புகை மாதிரி. புரிந்துவிட்டது. அது ஆவியும் ஊதுவத்தியும் போகும் பாதை. உயிரோடிருக்கும் ராஜா கூடத் தாழ்ந்த பாதையில்தான் நடக்க வேண்டும். நான் ஒரு பெரிய கும்பிடு போட்டுக் கீழே இறங்கினேன். அவரும் சிரித்தபடி தலைகுனிந்தார். நம்மூர்க் கோயிலாக இருந்தால் "ஏய், எங்க போற?" என்று மூன்று பிரகாரமும் எதிரொலித்திருக்கும்.

பாதை முடிவில் பூசை மண்டபம். அதற்குக் கிழக்கில் இரண்டு படிக்கட்டு, மேற்கில் ஒன்றுதான். ஆவியும் ராஜாவும் ஆளுக்கொரு படியில் ஏறுவார்கள். இறங்கும்போது ராஜாவுக்கு மட்டும் படி. ஆவி மண்டபத்தைத் தாண்டிப் பின்னால் மேட்டுக்குப் போய்விடும், அதற்கு எதற்குப் படி? தச்சன் கணக்கில் கூட எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

பின்னால் புல் மேடு. பெரிய ராணிகளுக்குப் போல் சுற்றிக் கல் வேலியோ பலகையோ கிடையாது. போர்வீரன் சிலை இல்லை, எழுத்தர் மாதிரி நிற்கும் அதிகாரிச் சிலை மட்டும். காரணம், அவள் இறந்தபோது ராணியாக இறக்கவில்லை. டான்ஜோங்கின் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஜோங் குடும்பம் தங்கள் இடுகாட்டில் இடம் கொடுத்தது. அந்த அக்கா மகனைத்தான் இவள் தத்தெடுத்திருந்தாள். பிறகு 1698ல் இருவருக்கும் ராஜா, ராணி பட்டம் திரும்பக் கிடைத்து இது அரச கல்லறையானது. வழக்கமாக அப்படி ஆனதும் பக்கத்துச் சமாதிகளை அகற்றிவிடுவார்கள். இங்கே ஜோங் குடும்பத்துச் சமாதிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். தஞ்சம் கொடுத்தவர்களை யார் கிளப்புவது?

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினெட்டு வயதில் பிரிந்தவள் 1521ல், எண்பத்திரண்டாவது வயதில் இறந்தாள். அறுபத்து நாலு வருஷம். தன் புருஷனை இறக்கிவிட்ட சேஜோவின் சாவைப் பார்த்தாள். அவர் மகன் சாவை, அடுத்தவர் சாவை, அதற்கடுத்தவரைச் சிம்மாசனத்திலிருந்து இழுத்துப்போட்டதை எல்லாம் பார்த்தாள். ஐந்தாவது ராஜா ஆளும்போதுதான் கண்ணை மூடினாள். ஒவ்வொரு நாளும் ஒரு குன்றில் ஏறிக் கிழக்கே யோங்வோல் திசையைப் பார்ப்பாளாம். இங்கத்திய பைன் மரங்களும் கிழக்கே சாய்கின்றன என்கிறார்கள். நான் பார்த்தவரை எல்லாப் பக்கமும் சாய்ந்திருந்தன.

மனைவி போன் செய்தாள். "கொரியா போய் சுடுகாடா சுத்திக்கிட்டிருக்கீங்க?" என்றாள். கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு பேரையும் இப்பவாவது ஒண்ணா வெச்சிருக்காங்களா?" என்றாள். இல்லை என்றேன். ஜோசன் கல்லறைகளில் தலைநகரிலிருந்து இவ்வளவு தள்ளி இருப்பது அவனுடையது ஒன்றுதான். ராஜா ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் கல்லறை இருக்க வேண்டும் என்பது விதி. கொலை செய்த ஊரில் விதி எங்கே?

மதியத்துக்கு முக்கோணச் சோற்றுருண்டை, கடையில் 1,300 வொன். கவரில் 1, 2, 3 என்று பிரிக்கும் வரிசை போட்டிருக்கிறது. நான் மூன்றிலிருந்து தொடங்கினேன். கடல்பாசி பாதி கவரோடு போய்விட்டது. தரக் கட்டுப்பாடு அதிகாரியின் லட்சணம்!

வெளியே வரும்போது வேலிக்கு அப்பால் வரிசை வரிசையாக மரக்கன்றுகள். அரண்மனைகளுக்கும் கல்லறைகளுக்கும் வேண்டிய மரங்களை இங்கே வளர்த்து அனுப்புகிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை தேவைப்படும்.

அக்டோபர் 24, வியாழன்: யோங்வோல், ஆறு

சோங்யாங்னி நிலையத்திலிருந்து ரயில். இரண்டரை மணி நேரம். கடைசி ஒரு மணி முழுக்க மலை, குகை, ஆறு, மறுபடி குகை. மேப்பிள் இன்னும் முழுசாகச் சிவக்கவில்லை. இந்த வருஷம் வெயில் அதிகம், இலை தாமதம் என்று பக்கத்து சீட் பாட்டி ஆப்பில் சொன்னார். அவித்த முட்டையும் உப்புப் பொட்டலமும் கொடுத்தார். வாங்காமலிருக்க முடியாது, கையில் திணித்துவிட்டார்.

யோங்வோல் நிலையம் ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடு மாதிரி. டாக்ஸியில் ஏறி "சோங்னியோங்போ" என்றேன். மூன்று தடவை சொன்ன பிறகு ஓட்டுநருக்குப் புரிந்தது. அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்குப் புரியவில்லை.

பையனைச் சிறை வைத்த இடம் அது. சிறை கட்டவே வேண்டியதில்லை. மூன்று பக்கம் ஆறு வளைந்து ஓடுகிறது, நாலாவது பக்கம் செங்குத்துப் பாறை. இன்றைக்கும் பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும். டிக்கெட் 3,000 வொன், படகும் சேர்த்து. மோட்டார் படகு கிளம்பி, நான் போனை எடுத்துக் கேமராவைத் திறப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. இரண்டு நிமிஷம் கூட இல்லை. அந்தச் சின்னத் தூரம்தான் என்னை உலுக்கியது. எங்கள் ஊரில் நீச்சல் தெரிந்த எந்தப் பையனும் தாண்டிவிடுவான். தாண்டி எங்கே போவான் என்பதுதான் கேள்வி.

இறங்கினால் காலடியில் கூழாங்கல் குவியல். ஷூ அணிந்தும் கணுக்கால் மடங்கி ஒரு தடவை உட்கார்ந்துவிட்டேன். பிறகு பைன் காடு. உள்ளே நுழைந்ததும் ஆற்றின் சத்தம் அடங்கிவிடுகிறது. அவன் இருந்த வீட்டைத் திரும்பக் கட்டி, உள்ளே மெழுகு பொம்மைகள் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மரங்களே போதும்.

காட்டின் நடுவில் குவானும்சோங் என்ற பைன். முப்பது மீட்டர் உயரம், வயது அறுநூறு என்கிறார்கள். அடியிலேயே இரண்டாகக் கிளை பிரிகிறது. அந்தக் கவட்டையில் பையன் உட்காருவானாம். அவன் இருந்த நிலையைப் பார்த்தது, அவன் அழுததைக் கேட்டது, அதனால் பார்த்தலும் கேட்டலும் சேர்ந்த பெயர். ஒரு மரத்தைச் சாட்சியாக வைத்துப் பெயரிட்ட ஊரை எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது.

மேலே ஏறினால் அவன் மனைவியை நினைத்து அடுக்கியதாகச் சொல்லும் கற்குவியல். அந்திக்குத் தலைநகர்ப் பக்கம் பார்த்து நின்ற பாறை. கீழே 1726ல் நட்ட ஒரு எச்சரிக்கைக் கல்: கிழக்கு மேற்கு முந்நூறு அடி, வடக்கு தெற்கு நானூற்றுத் தொண்ணூறு அடிக்குள் யாரும் நுழையக் கூடாது. ராஜாவுக்குப் பட்டம் திரும்பிய பிறகு, அவன் இருந்த மண்ணைக் காப்பாற்ற வைத்தது. ஒரு காலத்தில் அவனை வெளியே விடாமல் காத்த இடம். பிறகு மற்றவர்களை உள்ளே விடாமல் காத்தார்கள்.

இரண்டு மாதத்தில் வெள்ளம் வந்து, பையனை ஊருக்குள் அரசாங்க விடுதிக்கு மாற்றினார்கள். அங்கேதான் செத்தான். சேஜோவின் அரசக் குறிப்பு தூக்குப்போட்டுக்கொண்டான் என்கிறது. ஊர் நம்புவது விஷம். அவனைக் கொண்டுவந்து விட்டுத் திரும்பிய அதிகாரி வாங் பாங்யோன் இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாடியதாக ஒரு பாட்டு இருக்கிறது. இக்கரையில் அதற்கும் ஒரு கல். காவலுக்கு வந்தவன் அழுதான் என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஊருக்குள் மேற்குச் சந்தை. இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு இங்கேதான். வரிசையாகப் பாட்டிகள், முன்னால் கவிழ்த்த வாணலி மாதிரி இரும்புக் கல், பக்கத்தில் வாளியில் கரும்பழுப்பு மாவு. கரண்டியால் ஊற்றி, கரண்டியின் முதுகாலேயே தேய்க்கிறார்கள். மெல்லிசு தோசையேதான்! மாவு மட்டும் பக்வீட் என்ற தானியம். நடுவில் காரமான கிம்ச்சியும் கண்ணாடி நூடுல்ஸும் வைத்துச் சுருட்டி, கத்தரியால் நறுக்கித் தட்டில் போடுகிறார்கள். ஒன்று 2,000 வொன். "கோகி?" என்றேன், இறைச்சியா என்று. "ஓப்ஸோ" என்றார் பாட்டி, இல்லை என்று. நாலு சாப்பிட்டேன்.

என் ஊரில் இதே மாதிரி உண்டு என்று தோசைப் படத்தைக் காட்டினேன். பாட்டி பக்கத்துக் கடைப் பாட்டியைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரை. மூன்று பேரும் போனைச் சுற்றி நின்று தோசை எவ்வளவு மெல்லிசு என்று விமர்சித்தார்கள். "உங்கள் கல் தட்டை, எங்கள் கல் மேடு" என்று ஆப் மொழிபெயர்த்தது. எதற்கு வந்தாய் என்று கேட்டார்கள். "டான்ஜோங்" என்றேன். பாட்டியின் முகம் மாறிவிட்டது. "ஐகோ, நாளைக்குப் போகிறாயா, சாப்பிட்டுவிட்டுப் போ" என்றார், ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறவனிடம் சொல்வது போல. அந்தப் பையன் இப்போது தேபேக் மலைக்குத் தெய்வம் என்றும் சொன்னார். அநியாயமாகச் செத்தவனைத் தெய்வமாக்காமல் எந்த ஊரும் விடாது போலிருக்கிறது. நம் எல்லைச்சாமிகளில் பாதிப் பேர் கதையும் இதுதானே.

தங்கிய விடுதியில் தரைக்கடியில் சூடு. குளிருக்கு நல்லது என்று அதிகமாகத் திருகிவிட்டேன் போல. நடு ராத்திரி எழுந்தால் சற்றுமுன் சாப்பிட்ட பக்வீட் தோசையின் நிலையில் நான். பொத்தானில் எல்லாம் கொரிய எழுத்து. கதவைத் திறந்து வைத்துப் படுத்தேன், மூக்கு அடைத்துக்கொண்டது.

அக்டோபர் 25, வெள்ளி: சரியான ஜாங்னுங்

காலை ஐந்து டிகிரி. மூக்கு ஒழுக நடந்தே போனேன். டிக்கெட் 2,000 வொன்.

மற்றக் கல்லறைகளில் வாசல், பாதை, மண்டபம், மேடு எல்லாம் ஒரே நேர்கோடு. இங்கே பாதை ஒரு இடத்தில் சட்டென்று ஒடிந்து திரும்புகிறது. கல்லறை மலையின் முதுகின்மேல், மண்டபம் கீழே பள்ளத்தில். காரணம், இடம் பார்த்துப் புதைத்ததில்லை இது. ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்தது.

பையனின் உடலைத் தொடுகிறவன் மூன்று வழி உறவும் அழியும் என்று உத்தரவு. யாரும் கிட்டே போகவில்லை. ஓம் ஹூங்தோ என்ற உள்ளூர்த் தலைமைக் குமாஸ்தா, சின்ன உத்தியோகஸ்தர், மகன்களோடு போய் உடலை எடுத்து முதுகில் சுமந்து மலையேறினார். பனி கொட்டிக்கொண்டிருந்தது, எங்கும் மண் தெரியவில்லை. ஒரு மான் படுத்திருந்து இவர்களைக் கண்டு எழுந்து ஓடியது. அது படுத்த இடத்தில் மட்டும் பனி இல்லை. சற்று இளைப்பாறிவிட்டுத் தூக்கினால் சுமை நகரவில்லை. அங்கேயே புதைத்தார்கள். பிறகு குடும்பத்தோடு ஊரைவிட்டே ஓடிவிட்டார். இது ஊர் சொல்லும் கதை. 1541ல் யோங்வோலுக்கு வந்த ஆளுநர் பார்க் சுங்வோன் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்துப் பூசை செய்தார் என்றும் சொல்கிறார்கள். முழுப் பட்டம் வர 1698. செத்து 241 வருஷம்.

மேலே ஏறினால் சின்ன மேடுதான். போர்வீரன் சிலைகள் இங்கும் இல்லை. வாள் வைத்திருந்தவனால் போனவனுக்கு வாள்காரன் எதற்கு என்று மக்கள் காரணம் சொல்கிறார்கள். சுற்றிலும் பைன் மரங்கள் மேட்டை நோக்கிக் குனிந்திருக்கின்றன. சாருங்கில் சந்தேகப்பட்டேன் இல்லையா, இங்கே அப்படிச் சொல்ல முடியவில்லை. நிஜமாகவே குனிந்துதான் நிற்கின்றன.

கீழே ஒரு கட்டடத்தில் அவனுக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகைகள். மொத்தம் 268 பேர். மந்திரிகள், அதிகாரிகளோடு அரண்மனை அலிகளும் ராணுவ அடிமைகளும் சேர்த்து 44 பேர், பெண்கள் 6 பேர். ராஜா கல்லறை வளாகத்தில் அடிமைக்கும் ஒரு பலகை. ஓம் ஹூங்தோவுக்குத் தனி மண்டபமே இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். ஒரு குமாஸ்தா. நானும் ஆலையில் அப்படிப்பட்ட ஒருவன்தான். மேலிடத்து உத்தரவை மீறி ஒரு பெட்டி உதிரிபாகத்தைக்கூட நிறுத்தி வைக்க எத்தனை தடவை யோசித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

மகாராஜாக்களுக்குரிய இறுதி ஊர்வலம் அவனுக்கு நடக்கவே இல்லை. 2007ல், 550 வருஷம் கழித்து, ஊர்க்காரர்கள் முழு மரியாதையோடு அதை நடத்தினார்கள். வருஷா வருஷம் ஏப்ரலில் திருவிழாவும் உண்டு. அப்போது வந்திருக்கலாம், ஆனால் இந்த அமைதி கிடைத்திருக்காது. ஜோசன் கல்லறைகளில் நாற்பதை 2009ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், இதுவும் அதில் ஒன்று. பலகை வாசலில் இருக்கிறது, யாரும் நின்று படிக்கவில்லை. கல்லறை மேட்டில்தான் எல்லாரும் நிற்கிறார்கள். ஒரு நடுத்தர வயதுத் தம்பதி என் பக்கத்தில் நின்று, கையில் கொண்டுவந்த சின்ன சாராயப் புட்டியைத் திறக்கலாமா என்று காவலாளியிடம் கேட்டார்கள். அவர் முடியாது என்று தலையாட்டினார். அவர்கள் புட்டியைப் பையில் வைத்துவிட்டு இரண்டு தடவை விழுந்து வணங்கினார்கள்.

இறங்கும் வழியில் வேலி போட்டு ஒரு பைன் மரம், முன்னால் கல். ஆப்பை நீட்டிப் படித்தேன். 1999ல் சாருங்கிலிருந்து, நான் புதன்கிழமை வேலிக்கு வெளியே நின்று பார்த்த அந்த நர்சரி இருக்கும் ஊரிலிருந்து, ஒரு மரத்தை எடுத்துவந்து இங்கே நட்டிருக்கிறார்கள். கல்லறைகளைச் சேர்க்கவில்லை, மரத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

மதியம் வாசலருகே கோந்துரே சோறு, மலையில் பறித்த ஒரு வகைக் கீரையை அரிசியோடு வேகவைத்தது. சோயா சாறும் எண்ணெயும் விட்டுப் பிசைந்தால் முருங்கைக்கீரைச் சோறு மாதிரி ஒரு கசப்பு. கூட ஒன்பது கிண்ணத்தில் தொடுகறி. கணுக்கால் வலிக்கு ஈமோ ஒரு பிளாஸ்டர் பட்டியும் கொடுத்தார், கேட்காமலேயே. நான் நொண்டியதைப் பார்த்திருக்கிறார்.

ரயிலுக்கு முன் சந்தையில் நாலு பக்வீட் சுருள் வாங்கிக்கொண்டேன். பாட்டி ஐந்தாவதைச் சும்மா போட்டார். ரயில் கிளம்பியதும் மனைவியைக் கூப்பிட்டேன். மரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"வேரோட புடுங்கி அவ்வளவு தூரம் கொண்டுபோயி நட்டாங்களா? பொழைச்சுதா?"

"பொழைச்சிருக்கு. நல்ல உயரம்."

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

அதைப் பார்க்க மறந்துவிட்டேன். போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மரத்துக்கு முன்னால் என் பூப்போட்ட குடைதான் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது.